தாஸ்தயேவ்ஸ்கியும் அவர்தம் இளம் மனைவியும்

ருஷிய நாட்டு நாவலாசிரியராகிய பியோதர் தாஸ்தயேவ்ஸ்கியின் பெயரை நம் கல்லூரி மாணவர் பலரும் கேட்டிருப்பர். அவர் 1849-ல் மரண தண்டனை விதிக்கப்பெற்று, சுடப்படும் களம் வரை சென்று மீண்டதும், பின்னர்ச் சைபீரியாவில் நான்காண்டு விலங்கு பூண்டு கிடந்ததும் பலர் எழுதிய செய்திகள். அவற்றை ஈண்டு விரித்துரைக்கப் புகவில்லை. 1867-ல் மறுமணம் புரிந்த அவர், புதுமனைவியின் துணையையும் விடமாட்டாமல், சூதாட்ட மண்டபத்தையும் விடமாட்டாமல் நான்காண்டு பட்ட பாட்டையே சொல்லக் கருதினோம்.

இப்பழக்கம் மணத்தோடு வந்ததன்று. 1863-ல் ஜெர்மனி வழியாகச் சென்றபோது வீஸ்பாடன் நகரில் ரூலெட் என்னும் சூதாடிப் பெரும்பொருள் வென்றார். அவ்வெற்றியே கேடாயிற்று. சுழலும் வட்டில் ஒரு சிறு குண்டு எந்த எண்ணிற் சென்று தங்கும் என்று பணம் வைத்து ஆடுவது இது. மனம் பதறாமல் முறைப்படி ஆடுவோன் வெல்வது உறுதி என்று அவர் நம்பினார். பதறாதிருத்தல் தமக்கு இயலாது என்பதை மட்டும் கணக்கிற் சேர்த்திலர்.

1864-ல் முதல் மனைவியாரும் தமையனாரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தமையனார் விட்டுச்சென்ற பத்திரிகைக் கடனும் குடும்பமும் இவர் தலைமேல் விழுந்தன. நெருக்கடி தாங்காது, 1865-ல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் ஒன்று தராவிடில், அவர் நூல்களை ஒன்பதாண்டு ஊதியமின்றி வெளியிடும் உரிமை அப்பதிப்பாளருக்குச் சேரும். அக்டோபர் மாதம் வந்தும் நாவல் தொடங்கப்படவில்லை. நண்பர் சொற்படி சுருக்கெழுத்து அறிந்த ஒருவரைத் தேடியபொழுது வந்தவரே அன்னா கிரிகோரியெவ்னா. அப்போது அவருக்கு வயது 20. அவர் சொல்ல இவர் எழுத, 26 நாளில் நாவல் முடிந்தது. பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லாமற் போகவே, கையெழுத்துப் பிரதியைக் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது பெற்றார்கள்.

அந்நாவலின் பெயர் 'சூதாடி' என்பது கவனிக்கத்தக்கது. ரூலெட் மேசையருகே அறிவிழந்து நிற்கும் ஓர் இளைஞன் கதை அது. எழுதும்போதே அக்கதைத் தலைவனைத் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், ஆசிரியரோ அவன் பக்கமே பேசினார் என்றும் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளிற் பதிந்துள்ளார். தாம் கைப்பிடிக்கப்போகும் ஆடவர் யாவர் என்பதை அவர் முன்னரே தம் கையால் எழுதிப் பார்த்துவிட்டார் என்று சொல்லலாம் போலும்!

1867 பிப்ரவரியில் மணம் நடந்தது. மணமகனுக்கு வயது 45. இல்லம் உறவினரால் நிறைந்தது. முதல் மனைவியின் மகனும் தமையனார் குடும்பத்தாரும் ஓயாது பணம் கேட்டனர். இளம் மனைவிக்குக் கணவரோடு தனித்துப் பேசவும் பொழுது வாய்க்கவில்லை. இவ்வாறே போனால் மணவாழ்க்கை நிலைக்காது என்றுணர்ந்த அன்னா, தம் சீதனப் பொருள்களையும் பியானோவையும் அடகு வைத்துப் பயணத்துக்குப் பணம் திரட்டினார். ஏப்ரலில் இருவரும் வெளிநாடு புறப்பட்டனர். மூன்று மாதத்தில் மீளலாம் என்பது எண்ணம். மீண்டது நான்காண்டு கழிந்த பின்னர்.

டிரெஸ்டன் நகரிற் சில வாரம் இனிது கழிந்தன. பின்பு கணவரின் முகம் வாடலாயிற்று. காரணம் அறிந்த அன்னா தாமே விடை கொடுக்க, மே மாதத்தில் அவர் மட்டும் ஹோம்பர்க் நகருக்குப் புகைவண்டி ஏறினார். நான்கு நாளில் மீள்வதாகச் சென்றவர் பத்து நாளுக்குமேல் தங்கினார். நாள்தோறும் கடிதம் வந்தது. அன்னாவும் நாள்தோறும் அஞ்சல் நிலையம் சென்று காத்துநின்று அதைப் பெற்றார். கைக்கடியாரம் அடகுக்குப் போயிற்று. மனைவி பணம் அனுப்பினார். அதுவும் மேசையிற் போயிற்று. ஊர் திரும்ப மீண்டும் பணம் அனுப்ப வேண்டியதாயிற்று.

தோல்விக்கு அவர் கண்ட காரணமே வியப்புக்குரியது. மனைவி தனித்திருக்கிறாளே என்னும் கவலையால் விரைந்து ஆடியதே பிழை என்றும், அவளையும் உடன்கொண்டு சென்று அமைதியாகத் தங்கி ஆடினால் வெல்லலாம் என்றும் அவர் வாதித்தார். பிரிவால் வந்த தோல்விக்குக் கூட்டுறவே மருந்தாம்! அன்னா இதனை உண்மையில் நம்பினாரோ, கணவரைப் பிரிந்திருத்தலினும் இது மேல் என்று கொண்டாரோ, எவ்வாறாயினும் இசைந்தார். ஜூலைத் தொடக்கத்தில் இருவரும் பாடன்-பாடன் நகருக்குச் சென்றனர்.

அங்குக் கழிந்த ஏழு வாரமும் அவ்வம்மையாருக்கு நரகமாயின. பணமின்மையால் கருமான் பட்டறைக்கு மேலுள்ள அறைகளில் குடியிருந்தனர். விடியுமுன்னரே சம்மட்டி ஒலி தொடங்கிவிடும். அன்னா கருவுற்றிருந்தார், நல்லாடை இன்மையால் மண்டபத்துக்குச் செல்ல நாணி, பெரும்பாலும் அறையிலேயே காத்திருந்தார். வென்ற நாளில் கணவர் பழமும் மலரும் கொணர்வார். தோற்ற நாளில் மனைவிமுன் முழந்தாளிட்டு அழுது, தம்மைத் தாமே பழித்து, எஞ்சிய காசையும் கேட்பார். மணப்பரிசாகத் தாமே அளித்த காதணியும் மார்பணியும் அடகுக்குப் போயின. அவை பின் மீளவேயில்லை. மணமோதிரங்களும் ஆடைகளும் போவதும் வருவதுமாயிருந்தன. தருமனும் நளனும் சூதாடிய கதை நாம் அறிந்ததே. அவர்க்கு நாடாவது இருந்தது இழப்பதற்கு.

இவ்வம்மையாரைப் பொறுமைக்கடல் என்று புகழ்ந்து அமைவது எளிது. நாம் அவ்வாறு செய்யோம். அந்நாட்களிற் பிறர் படிக்கலாகாதெனச் சுருக்கெழுத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு உள்ளது. கணவர் இல்லாதபோது அழுததும், சினந்ததும், எண்ணியெண்ணிக் காசு ஒளித்ததும் அதிற் காணலாம். ஆயினும் அவரெதிரே கடிந்துரையாதிருக்க முயன்றார். இது குணக்கேடன்று, காக்கை வலிப்பைப் போல் இதுவும் ஒரு நோயே என்று அவர் முடிவு செய்துகொண்டார். கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தது நோயை வளர்த்தது என்பாரும் உளர். அவர் கூற்றையும் தள்ளிவிட இயலவில்லை.

ஆகஸ்டில், அன்னாவின் தாயார் அனுப்பிய பணத்தின் உதவியால் ஜினீவாவுக்குப் புறப்பட்டனர். அங்கிருந்தும் அவர் சாக்ஸன் என்னும் ஊருக்குச் சென்று ஆடித் தோற்றார். 1868 மார்ச்சில் முதற் பெண்மகவு சோபியா பிறந்தாள். மே மாதத்தில் இறந்தாள். அத்துயரினூடேயே 'அசடன்' நாவல் எழுதப்பட்டது.

1871-ல் மீண்டும் டிரெஸ்டனில் இருந்தனர். கையில் இருந்தது சுமார் 300 தாலர். கணவர் எழுத்து ஓடாமல் மனம் தளர்ந்திருந்தார். அன்னா மீண்டும் கருவுற்றிருந்தார். இம்முறை ஆடப்போவதாகக் கேட்டவர் கணவர் அல்லர். ஒருமுறை வீஸ்பாடன் சென்று வருமாறு கூறி 100 தாலர் கொடுத்தவர் மனைவியே. வெல்வார் என்று அவர் சிறிதும் எண்ணவில்லை; தோற்றபின் கணவர் புதிய ஊக்கத்தோடு எழுத அமர்வதைப் பலகால் கண்டிருந்தார். அவ்வாறே தோல்வி வந்தது. வழிச்செலவுக்கு அனுப்பிய 30 தாலரும் தோற்றது. அவ்வேப்ரலில் அவர் எழுதிய கடிதத்தில் இனி ஆடுவதில்லை என்று சூளுரைத்தார். இத்தகைய சூளுரை பல கேட்ட அன்னா இதனையும் நம்பினாரில்லை. ஆனால் அதன்பின் அவர் ஆடவேயில்லை.

ஜெர்மானியச் சூதாட்ட மண்டபங்கள் 1872 முடிவில் சட்டத்தால் மூடப்பட்டன. விட்டதற்கு அதுவே காரணம் என்பர் சிலர். சூளுரை அதற்கு ஓராண்டுக்கு முன்னது என்பதை அன்னோர் மறந்தனர். பின்னாளில் நோய் தீரும்பொருட்டு எம்ஸ் நகருக்கு நான்குமுறை தனியே சென்றபோதும், அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் பணம் அனுப்பு என்னும் பழைய ஓலம் இல்லை; பிரிவின் வருத்தமே உண்டு.

1871 ஜூலையில் தாயகம் திரும்பினர். கடன்காரரோடு பேசும் பொறுப்பை அன்னா ஏற்றார். 1873-ல் 'பேய்கள்' நாவலைத் தாமே அச்சிட்டு வீட்டிலிருந்தே விற்றார். அதுமுதல் கணவர் நூல்களை அவரே பதிப்பித்தார். கடன் தீர்ந்து நெடுநாள் கழியுமுன், 1881 பிப்ரவரி 9-ல் தாஸ்தயேவ்ஸ்கி காலமானார். அன்னா மறுமணம் செய்யாது 1918 வரை வாழ்ந்தார். பாடன்-பாடனில் தாம் எழுதிய சுருக்கெழுத்துக் குறிப்புகளை முதுமையில் எடுத்து, தாமே படித்து, நல்லெழுத்திற் பெயர்க்கத் தொடங்கினார்.