சவேரியாரைத் தூங்கவிடாத சிறுவர்கள்



ஞாயிறு காலைத் திருப்பலி. மறையுரை நடந்துகொண்டிருக்கிறது. நடு வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. நான்கைந்து பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் கூனிக்குறுகி எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகள் கிடக்கும் வாசலில் போய் நிற்கிறாள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பகுதியில் எந்தப் பங்கிலும் காணக்கூடிய காட்சி இது. ஒருமுறை நானும் மறையுரையை நிறுத்திவிட்டு அப்படி ஒரு தாயைப் பார்த்தேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பார்வையே போதுமானதாக இருந்தது. அதன்பின் பல ஞாயிறுகள் அந்தக் குடும்பத்தைக் கோவிலில் காணவில்லை. காரணம் எனக்கு அன்பியக் கூட்டத்தில்தான் தெரிந்தது. வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நாள்களில் நான் மீண்டும் எடுத்து வாசித்தது புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கை. தொழிற்சாலை வேலைக்காகத் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அந்த வீடுகளில் சவேரியார் என்றும் சவேரியம்மாள் என்றும் பெயர் கொண்ட தாத்தாவோ பாட்டியோ இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் புனிதருக்கும் நம் கடற்கரைக் குழந்தைகளுக்கும் இருந்த உறவை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

பிரான்சிஸ் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில், சவியேர் கோட்டையில் பிறந்தார். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பாரீஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பேராசிரியராகப் பெயர் வாங்க வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. அங்கே இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். வாழ்க்கை திசை மாறியது. 1534-ஆம் ஆண்டு விண்ணேற்புத் திருநாளன்று மோன்மார்த்ர் குன்றில் தோழர்களோடு வாக்குக் கொடுத்தார். 1537-ல் குருவானார். 1541-ல் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

திருத்தந்தையின் தூதுவர் என்ற அதிகாரத்தோடு வந்தவர் அவர். பெரியவர்களைக் கூட்டிப் பெரிய காரியங்களைப் பேசியிருக்கலாம். அவரோ கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு கோவா தெருக்களில் அடித்துக்கொண்டே நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவர்கள் ஓடி வந்தார்கள். அடிமைகளாயிருந்த ஏழைகளும் வந்தார்கள். அவர்களைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று செபங்களைக் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஆண்டு இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியில் மறையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கிறிஸ்தவர்கள் என்ற பெயர் இருந்தது, செபம் தெரியாது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகள் பலர் திருமுழுக்கே பெறவில்லை.

தூத்துக்குடிக்குப் போகும் வழியில் கொம்புத்துறை என்னும் ஊர். அங்கே ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை வீட்டில் யாருக்கும் இல்லை. சவேரியார் அந்தக் குடிசைக்குள் நுழைந்தார். உடன் வந்தவர் மொழிபெயர்க்க, விசுவாசத்தை எடுத்துச் சொன்னார். அவள் ஏற்றுக்கொண்டாள், திருமுழுக்குப் பெற்றாள். உடனே பிள்ளை பிறந்தது. பின்பு கணவருக்கும் பிள்ளைகளுக்கும், அன்று பிறந்த அந்தக் குழந்தைக்கும் திருமுழுக்குக் கொடுத்தார். முத்துக்குளித்துறையில் அவருடைய பணியின் தொடக்க நாள்களிலேயே ஒரு பச்சிளங்குழந்தை இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஊர் ஊராகப் போனார். எங்கு போனாலும் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். செபம் சொல்லிக்கொடுக்கும்வரை விடமாட்டார்கள். கட்டளைச் செபம் சொல்ல நேரமில்லை, சாப்பிட நேரமில்லை, தூங்கவும் விடவில்லை. இதை அவரே தம் தோழர்களுக்குக் கடிதத்தில் எழுதினார். ஆனால் தொல்லை என்று எழுதவில்லை. விண்ணரசு இத்தகையோரதே என்று ஆண்டவர் சொன்னதன் பொருள் (மத்தேயு 19:14) அந்தச் சிறுவர்கள் நடுவில்தான் தமக்குப் புரியத் தொடங்கியது என்ற கருத்தையே எழுதினார். பாரீஸில் படித்தவர், வேதத்தின் ஒரு வரியை நம் கடற்கரைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் சரளமாக வரவில்லை. இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மரியே, பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்துச் சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, ஒரு நாளைக்கு இரண்டு முறை கற்பித்தார். பிள்ளைகளுக்கு ஒரு கடமையும் கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகவே பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடமிருந்துதான் செபம் கற்றார்கள்.

நோயாளிகளின் வீடுகளிலிருந்து அவருக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. ஒருவரால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? செபம் தெரிந்த சிறுவர்களைத் தம் செபமாலையோடு அனுப்பினார். அவர்கள் போய், வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்காகச் செபித்தார்கள். ஒரு குரு தம் வேலையில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் கையில் நம்பி ஒப்படைத்தார். பெரியவர்களானபின் உதவுவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை.

தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் தனித்துவிடக்கூடாது என்று ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். இன்று நாம் உபதேசியார் என்று அழைப்பவர்களின் முன்னோடிகள் அவர்கள். அவர்களுடைய சம்பளத்துக்கு வழி வேண்டுமே! முத்துக்குளித்துறை வரியில் ஒரு பகுதி போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்குத் தரும்படி அரசியிடமே கேட்டார்; அரசியும் இசைந்தார்.

1544-ல் வடுகப் படையினர் தாக்கியபோது மக்கள் குமரிமுனைக்கு அருகே கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பின்பு நடந்தே அவர்களிடம் போனார். 1545-ல் நம் மயிலாப்பூருக்கு வந்து, புனித தோமையார் கல்லறையருகே சுமார் நான்கு மாதங்கள் தங்கிச் செபித்தார். அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கும் தெருக்களில் அவருடைய மணி ஒலித்தது.

1548-ல் மணப்பாட்டில் தம் சகோதரக் குருக்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த அறிவுரையில் முதலிடம் பிறந்த குழந்தைகளுக்கே. பெற்றோர் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று கோவிலில் காத்திருக்காமல், குருவே வீடு வீடாகச் சென்று விசாரித்துத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அடுத்தபடி சிறுவர்களுக்குக் கற்பிப்பது. பின்னர் ஜப்பான் சென்றார். சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சான்சியான் தீவில் காலமானார். வயது 46. 1622-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1927-ல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக்கியது.

அன்புக்குரியவர்களே, தூக்கத்தைக் கெடுத்த சிறுவர்களை அவர் விரட்டவில்லை. மறையுரைக்கு இடையில் வந்த அழுகையை என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தேன். குழந்தைகள் நாளைய திருச்சபை என்று மேடையில் சொல்கிறோம். திருமுழுக்குப் பெற்ற குழந்தை இன்றே திருச்சபை. அது அழுதாலும் கிறிஸ்துவின் உடலில் ஓர் உறுப்பு.

ஆகவே சில காரியங்களைச் செய்வோம். மண்டபம் கிடைக்கவில்லை, முதல் பிறந்தநாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று திருமுழுக்கைத் தள்ளிப்போடாதிருப்போம். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம். அன்பியப் பொறுப்பாளர்கள் தங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீட்டைப் பங்குத்தந்தையிடம் சொல்லட்டும், நாங்கள் வருகிறோம். குழந்தையோடு வருபவர்களுக்குப் பீடம் தெரியும் முன்வரிசையில் இடம் விடுவோம். பீடத்தைப் பார்க்கிற குழந்தைக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது இருக்கும். அழுதால் சற்று வெளியே போய்த் தேற்றிவிட்டுத் திரும்பி வரலாம். திரும்பி வர வேண்டும் என்பதே முக்கியம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுவது எப்போதும் தாயாகவே இருக்க வேண்டுமா? தகப்பன்மாரும் ஒரு கை கொடுக்கலாம். திருப்பலி முடிவில் கைக்குழந்தைகளை முன்னே கொண்டுவந்து ஆசீர் பெறலாம் என்று சிறுவர் திருப்பலி பற்றிய 1973-ஆம் ஆண்டின் உரோமை வழிகாட்டி நூலே சொல்கிறது. காணிக்கைப் பவனியில் சிறுவர்கள் வரட்டும். நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது மறைக்கல்விப் பிள்ளைகள் இருவரை உடன் அழைத்துப் போவோம். சவேரியார் காட்டிய வழி அதுவே.

அந்தத் தாய் இப்போது கோவிலுக்கு வருகிறார். குழந்தைக்கு நடை வந்துவிட்டது. நற்கருணை வரிசையில் என் அங்கியைப் பிடித்து இழுக்கிறது. நான் குனிந்து, நெற்றியில் சிலுவை வரைகிறேன்.

புனித சவேரியாரே, எங்கள் பிள்ளைகளுக்காகவும், அவர்களை வரவேற்கத் தெரியாத எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.