தெருச் சத்தத்துக்குக் கணக்குப் போட்ட மேதை

தெருவில் ஓயாத சத்தம். காது அடைக்கிறது. அந்தச் சத்தத்தால் எத்தனை பேர் வேலை கெட்டது, எத்தனை நோயாளிகள் தூக்கம் இழந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பவர் உண்டா?

லண்டனில் ஒருவர் பார்த்தார். அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் தந்தை என்று போற்றப்படுகிறாரே, அவர்தான்!

பாபேஜ் 1791-ம் ஆண்டு பிறந்தார். கணிதத்தில் புலி. பல் சக்கரங்களைக் கொண்டு, தானாகவே கணக்குப் போடும் எந்திரம் செய்ய முனைந்தார். அரசாங்கம் 17 ஆயிரம் பவுன் செலவழித்தது. எந்திரம் முடியவில்லை. 1842-ல் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. பாபேஜ் விடவில்லை. அதைவிடப் பெரிய எந்திரத்துக்கு வீட்டில் இருந்தே படம் வரைந்து வந்தார்.

அந்த வீடு டார்செட் தெருவில் இருந்தது. முதலில் அமைதியான இடம். பிறகு பக்கத்தில் குதிரை வண்டி ஸ்டாண்டு வந்தது. அதையொட்டி காப்பிக் கடை வந்தது. பீர்க் கடையும் வந்தது. கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைத் தேடிப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும் பெட்டி, மேளம், ஊதல்... ஒரே இரைச்சல்!

கால் பங்கு பாழ்!

பாபேஜ் ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். ஏறத்தாழ மூன்று மாதத்தில் 165 முறை தொல்லை! 12 ஆண்டுகளில் தம் உழைப்பில் கால் பங்கு சத்தத்தால் பாழானது என்று கணக்கிட்டார். அதாவது 3 ஆண்டு உழைப்பு!

அதோடு நிற்கவில்லை. நோய்க் கணக்குகளையும் பார்த்தார். 100 பேரில் சராசரி 4.72 பேர் எப்போதும் நோயாய்க் கிடக்கிறார்கள் என்று தெரிந்தது. எதிரே மான்செஸ்டர் தெருவில் 56 வீடுகள். வீட்டுக்கு 10 பேர். ஆக, எந்த நாளிலும் அந்தத் தெருவில் சுமார் 26 நோயாளிகள்! பாட்டுக்காரனுக்குக் காசு போடுகிறவர் இவர்களை நினைத்துப் பார்ப்பாரா?

பிற்கால நிபுணர்களும் இந்த வழியில்தான் போனார்கள். போக்குவரத்துச் சத்தத்தால் மேற்கு ஐரோப்பிய மக்கள் ஆண்டுதோறும் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள் என்று, உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கணக்கிட்டது.

செத்த பூனை

பாபேஜ் போலீசைக் கூப்பிட்டார். கோர்ட்டுக்கும் போனார். தெருவாசிகளுக்குக் கோபம் வந்தது. வீட்டு முன் செத்த பூனைகளை எறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். 100 பேருக்கு மேல் கூச்சல் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனதும் உண்டு.

பாபேஜிடமும் குறை உண்டு. பிழைக்க வழி தேடிப் பெட்டியைச் சுற்றிய ஏழைகள் மீது அவருக்கு இரக்கம் இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டு நாலு பேர் மகிழ்ந்தார்களே, அந்த மகிழ்ச்சிக்கும் அவர் கணக்கில் இடம் இல்லை.

1864-ல், பார்லிமெண்டு உறுப்பினர் மைக்கேல் பாஸ் முயற்சியால் சட்டம் வந்தது. வீட்டுக்காரர் தக்க காரணம் சொன்னால் பாட்டுக்காரர் விலகிப் போகவேண்டும். மறுத்தால் அபராதம், அல்லது சிறை.

பெரிய எந்திரத்தைப் பாபேஜ் கடைசி வரை செய்து முடிக்கவில்லை. 1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, டார்செட் தெரு வீட்டில் காலமானார். வயது 79. பாட்டுப் பெட்டிக்காரர்களின் தொல்லையையும் தாங்கிக்கொண்டு 80-ஐ நெருங்கும் வரை அவர் வாழ்ந்ததை, லண்டன் டைம்ஸ் பத்திரிகை தன் மரணச் செய்தியில் மறக்காமல் குறிப்பிட்டது.