பீப்ஸ் பெருமகனார் போற்றிய சாஸர் நூற்றொகுதி

நூல் வாங்குவோர் பலர். வாங்கிய நூலைப் படிப்போர் சிலர். படித்த நூலைத் தமக்குப் பின் வருவோர்க்கெனப் பேணி வைத்துச் செல்வோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர் ஸாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலப் பெருமகனார். அவரது நாட்குறிப்பைப் பற்றி ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் யாவரும் கேள்வியுற்றிருப்பர். ஆயின், அவர் ஈட்டிய நூல் நிலையத்தைப் பற்றியும், ஆங்கிலக் கவிதையின் தந்தையெனப் போற்றப்படும் ஜெஃப்ரி சாஸரின் நூற்றொகுதி அதனுள் இடம்பெற்ற வரலாற்றைப் பற்றியும் அறிந்தோர் பலரல்லர். ஆதலின் அவ்விரண்டையும் ஈண்டு ஒருங்கே கூறப் புகுந்தோம்.

பீப்ஸ் 1633ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், லண்டன் மாநகரில் ஃப்ளீட் வீதியை அடுத்ததோர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் தையற்றொழிலால் வாழ்ந்தவர். மக்கள் பதினொருவர், அவருட் பலர் இளமையிலேயே இறந்தனர். செல்வம் குன்றிய இக்குடும்பத்தில் தோன்றிய பீப்ஸ், தூய பவுல் பள்ளியிற் பயின்று, உபகாரச் சம்பளத்தின் துணைகொண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மாட்லின் கல்லூரியிற் சேர்ந்து, 1654இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் எலிஸபெத் என்னும் நங்கையை மணந்தார். 1658இல் சிறுநீர்ப்பையிற் கண்ட கல்லை நீக்கச் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். உணர்விழக்கச் செய்யும் மருந்து எதுவும் அறியப்படாத அக்காலத்தில் அச்சிகிச்சைக்கு உடன்படுதல் உயிரைப் பணயம் வைத்தலேயாம். பிழைத்தெழுந்த அந்நாளைப் பின்னர் ஆண்டுதோறும் நன்றியோடு கொண்டாடி வந்தார்.

1660இல், நாடு நீங்கியிருந்த இரண்டாம் சார்ல்ஸ் மன்னரைத் திரும்ப அழைத்துவரச் சென்ற கப்பற்படையில் அவரும் சென்றார். உறவினராகிய எட்வர்ட் மான்டேகு பிரபுவின் ஆதரவால் கடற்படைச் சபையின் எழுத்தராக அமர்ந்தார். அவ்வேலைக்கு வேண்டிய கணித அறிவு அவரிடம் அப்போது இல்லை. பட்டம் பெற்ற அறிஞர், தமது இருபத்தொன்பதாம் வயதில், கப்பல் மாலுமி ஒருவரை ஆசிரியராகக் கொண்டு பெருக்கல் வாய்பாட்டை மனனம் செய்யத் தொடங்கினார்; வைகறை நான்கு மணிக்கு எழுந்து அதனை உருப்போட்டார். அறியாமையை மறைத்தலினும் அறிந்துகொள்ளுதலே தகுதியென அவர் கருதினார் போலும். மரம், கயிறு, தார், பாய் முதலியவற்றின் அளவும் விலையும் நேரிற் கண்டறிந்து, சின்னாட்களில் அச்சபையில் அவரைப் போல் தொழிலறிந்தார் பிறரிலர் என்னும் நிலையை எய்தினார்.

அவர் குற்றமற்ற மனிதர் என நாம் கூறவில்லை. பொருள் விற்போர் அளித்த பரிசில்களை ஏற்றார். மனைவியார்க்குச் செய்த பிழைகளும் உள. அவற்றை நாம் அறிவது அவரே தம் நாட்குறிப்பில் ஒளியாது எழுதி வைத்தமையால்தான். தம் குற்றத்தைத் தமக்கே எழுதிக் காட்டும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

நிற்க. சாஸர் பீப்ஸுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முற்பட்டவர். அவரும் லண்டன் நகர வணிகர் மகனே. தந்தையார் திராட்ச மது விற்றவர். அவரும் மன்னர் பணியிற் புகுந்தார். 1374 முதல் லண்டன் துறைமுகச் சுங்கக் கணக்கையும், 1389 முதல் அரச கட்டிடப் பணிகளையும் மேற்பார்த்தார். பகலிற் கணக்கும் இரவிற் கவிதையுமாக வாழ்ந்து, காண்டர்பரிக் கதைகளை முற்றுவியாமலே 1400இல் மறைந்தார். பிரெஞ்சும் லத்தீனும் உயர்ந்தோர் மொழிகளாக மதிக்கப்பட்ட காலத்தில், பொதுமக்கள் பேசிய ஆங்கிலத்தையே தம் கவிதைக்குக் கருவியாகக் கொண்டமை அவர்தம் பெருஞ்சிறப்பு. எனினும் மொழி மாறிக்கொண்டே செல்லும் இயல்பினது. பீப்ஸ் காலத்தவர்க்குச் சாஸரின் சொற்கள் பல விளங்கவில்லை. ஒலி மாறிப் போனமையால் யாப்பும் செம்மையற்றதெனத் தோன்றிற்று. பெயரளவிற் போற்றப்பட்டும் படிப்பாரின்றி மங்கி நின்றார் அப்புலவர்.

இந்நிலையில் பீப்ஸுக்குச் சாஸர்பால் விருப்பத்தை மூட்டியவர் பேராசிரியர் அல்லர். உடன் பணிபுரிந்த முதிய கடற்படைத் தலைவராகிய ஸர் ஜான் மின்ஸ் என்பவரே. 1663ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒருநாள் இவர் சாஸரின் சுவையான பகுதிகள் பலவற்றை எடுத்துக் கூற, கேட்ட பீப்ஸ், ஐயமின்றி இவர் சிறந்த புலவரே எனத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். அவ்வாண்டு டிஸம்பர் 10ஆம் நாள் கையிற் சிறிது பணம் சேர்ந்தது. தூய பவுல் ஆலய முற்றத்துப் புத்தகக் கடைக்குச் சென்று, இருபது நூல்கள் வரை எடுத்துக் காட்டச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் எதை வாங்குவதென்று தெரியாது தவித்தார். சாஸரும், ஷேக்ஸ்பியரும், ஜான்ஸனும் முன்னே கிடந்தனர். உள்ளம் இன்ப நூல்களையே நாடிற்று. அறிவோ பயன்தரு நூல்களை வாங்குக என்றது. இறுதியில் ஃபுல்லர் எழுதிய ஆங்கிலப் பெரியோர் வரலாறு, அரசியற் கடிதத் திரட்டு முதலியவற்றோடு, அந்நாளிற் பலரும் புகழ்ந்த அங்கத நூலொன்றையும் வாங்கி வந்தார். சாஸர் கடையிலேயே நின்றார்.

ஆயினும் அவ்வாசை அடங்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களிற் பார்க்கின், சாஸர் நூற்றொகுதி அவர் உடைமையாகிவிட்டது. 8ஆம் நாள் கட்டடம் செய்வோனிடம் சென்று, அதனை எவ்வாறு கட்டவேண்டுமெனப் பணித்தார். வேலைப்பாடு முழுதும் மனநிறைவு தரவில்லையெனினும் ஒருவாறு நன்றெனக் கொண்டார். பின்னர்க் கொக்கி செய்வோனிடம் கொண்டுபோய் உலோகக் கொக்கியும் குமிழும் பொருத்தச் செய்தார். வாங்கிய புத்தகத்திற்கு இத்துணை உபசாரம் செய்த அன்பு எண்ணி மகிழத்தக்கது.

அந்நூல் தாமஸ் ஸ்பெக்ட் என்பவர் பதிப்பித்து 1602இல் வெளிவந்த பெருந்தொகுதி. சாஸரின் நூல்களைத் திரட்டி முதன்முதல் 1532இல் வெளியிட்டவர் வில்லியம் தின் என்பவர். ஸ்பெக்டோ அதனோடு புலவர் வரலாற்றையும், வழக்கொழிந்த சொற்களுக்கு அகராதியையும் சேர்த்தார். அவ்வரலாற்றிற் கூறியன யாவும் மெய்யல்ல; தொகுதியுட் பிறர் இயற்றிய செய்யுட்களும் சாஸர் பெயரால் இடம்பெற்றன; பின்வந்த ஆராய்ச்சியாளர் அவற்றைக் களைந்தனர். எனினும் அவ்வகராதி இல்லையேல், பீப்ஸ் போன்ற அலுவலர் ஒருவர் ஓய்வு நேரத்திற் பழம்புலவரைப் படித்தல் அரிதாயிருக்கும். இடைநின்று பொருள் விளக்குவோரின் பணி எத்துணைப் பயனுடையது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1666ஆம் ஆண்டு கோடையில், நாற்காலிகளின்மேற் குவிந்து கிடந்த நூல்களுக்கென ஸிம்ப்ஸன் என்னும் தச்சரைக் கொண்டு கண்ணாடிக் கதவுள்ள அலமாரிகளைச் செய்வித்தார் பீப்ஸ். அலமாரிகள் வந்த சில நாட்களுள், ஸெப்டம்பர் 2ஆம் நாள், லண்டன் பெருந்தீ மூண்டது. பொருள்களை வண்டியேற்றி நகருக்கு வெளியே அனுப்பித் தம் நூல்களையும் நாட்குறிப்பையும் காத்தார். புத்தக வணிகரோ தம் நூல்களைத் தூய பவுல் ஆலயத்தின் கீழறையிற் பத்திரமென எண்ணி அடுக்கியிருந்தனர். ஆலயம் எரிந்து வீழ அவையனைத்தும் சாம்பலாயின. பீப்ஸுக்கு நூல் விற்ற கர்ட்டன் என்பவரும் அத்தீயில் யாவும் இழந்தார். அன்று கடையிலேயே நின்ற நூல்களுக்கும் வீட்டிற்கு வந்த நூலுக்கும் நேர்ந்த வேற்றுமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1669இல் கண்ணொளி குன்றிற்று. குருடாவோமென அஞ்சி மே 31ஆம் நாளோடு நாட்குறிப்பை நிறுத்தினார். பார்வை அழியவில்லை, ஆனால் அவ்வாண்டு நவம்பரில் எலிஸபெத் அம்மையார் காய்ச்சலால் இறந்தார். மக்கட்பேறு இல்லை; மறுமணமும் செய்துகொள்ளவில்லை. அதன் பின்னர் அவர் அன்பெல்லாம் கடற்படைக்கும் நூல்களுக்கும் உரியதாயிற்று. 1673இல் கடற்படைச் செயலாளரானார். 1677இல் படைத்துணைத் தலைவர் பதவிக்குத் தேர்வு ஏற்படுத்தினார். 1679இல் பொய்ப் பழி சுமத்தப்பட்டு லண்டன் கோட்டையிற் சிறைப்பட்டார். குற்றம் நிறுவப்படாது விடுதலையுற்றார். 1684இல் மீண்டும் செயலாளராகவும், ராயல் ஸொஸைட்டியின் தலைவராகவும் விளங்கினார். நியூட்டனின் பெருநூலுக்கு அச்சிட இசைவளித்தோராக அதன் முகப்பில் அவர் பெயர் காணப்படுகின்றது. 1689இல் அரசு மாறவே பதவியை விட்டு விலகினார்.

ஓய்வுக் காலத்தில் நூல் நிலையமே அவருலகு. நூல்கள் மூவாயிரத்திற்கு மேற்படலாகாதென வரையறுத்தார்; உயர அளவின்படி சிறியது முதற் பெரியது ஈறாக எண்ணிட்டு அடுக்கினார்; குட்டையான நூல்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தலைப்புறம் ஒரே மட்டமாக நிற்கச் செய்தார். புதுப்பதிப்பு வந்துழிப் பழையதை நீக்குதல் அவர் வழக்கம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அவ்வாறே 1685ஆம் ஆண்டுப் பதிப்பு இன்று நிற்கின்றது. சாஸர் தொகுதியும் 1687இல் மீண்டும் அச்சாயிற்று; ஆயினும் தாம் இளமையிற் கொக்கியிட்டுக் கட்டுவித்த 1602ஆம் ஆண்டுப் படியை அவர் நீக்கினாரில்லை.

அவ்வன்பு மற்றொரு கனியையும் தந்தது. 1699இல், முதுமையுற்றிருந்த ஜான் டிரைடன் என்னும் பெரும்புலவர் சாஸரின் கதைகளைத் தம் கால ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டிருந்தார். காண்டர்பரிக் கதைகளின் முகவுரையில் வரும் ஏழைக் கிராமப் போதகர், தாம் செய்து காட்டியதையே பிறர்க்குப் போதித்த நல்லார். அவரையும் புதுமொழியிற் பாடுமாறு டிரைடனைத் தூண்டியவர் பீப்ஸே. 1700இல் அந்நூல் வெளிவந்தது. அவ்வாண்டே டிரைடனும் காலமானார். கடற்படைத் தலைவர் ஒருவர் பேச்சில் தோன்றிய சிறு பொறி, சாஸர் மறைந்து முந்நூறு ஆண்டு நிரம்பிய வேளையில், அவர் புகழுக்குப் புத்தொளி தந்தது.

பீப்ஸ் 1703ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் கிளாப்பம் என்னும் ஊரில் இறந்தார். நூல் நிலையத்தை மருமகனாகிய ஜான் ஜாக்ஸன் தம் ஆயுள்வரை வைத்திருக்கவும், பின்னர் மாட்லின் கல்லூரி பெறவும் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு நூலும் சேர்த்தலாகாது, ஒரு நூலும் நீக்கலாகாது; மீறின் அனைத்தும் டிரினிட்டி கல்லூரிக்குச் சேரும்; அக்கல்லூரியார் ஆண்டுதோறும் வந்து சோதிக்கலாம் என்பன நிபந்தனைகள். 1724இல் நூல்கள் மாட்லின் சேர்ந்தன. இன்றும் அவ்வலமாரிகளிலேயே நிற்கின்றன.

அவற்றுள் நாட்குறிப்பு ஆறு தொகுதிகளாகச் சுருக்கெழுத்தில் ஒரு நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. 1819இல் ஜான் ஸ்மித் என்னும் ஏழை மாணவர் அதனைப் பெயர்த்தெழுதத் தொடங்கி மூன்றாண்டு கண்துஞ்சாது உழைத்தார். அச்சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் ஷெல்டன் என்பவரின் நூல் அதே நூல் நிலையத்தில் இருந்தது. ஸ்மித் அதனை அறிந்திலர். 1825இல் நாட்குறிப்பின் ஒரு பகுதி அச்சேற, பீப்ஸின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

இவ்வரலாற்றினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. நூல் நிலையத்தில் நாம் தேடும் திறவுகோல் பெரும்பாலும் அடுத்த அலமாரியிலேயே உளது. தேடுதலில் சலியாதிருத்தல் ஒன்று. நாம் கையாளும் ஒவ்வொரு நூலும் நமக்குப் பின் ஒருவர் கைக்குச் செல்லவிருப்பது; மடியாமலும் கிழியாமலும் அதனை அவருக்கு விட்டுச் செல்லுதல் மற்றொன்று. தையற்காரர் மகனார் ஒருவர் தாம் பயின்ற கல்லூரியின் கடனை அவ்வாறு தீர்த்தார். நாமும் இயன்ற அளவில் அவ்வழி நிற்போமாக.