இளஞ்சிவப்புப் புறாக்களின் நண்பர்

பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவர், உயிரியல் பூங்காக்களுக்கே பாடம் சொல்லித் தந்தார். அவர்தான் ஜெரால்டு டரெல்.

ஆங்கிலேயரான இவர் பிறந்தது நம் இந்தியாவில்! 1925ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, ஜாம்ஷெட்பூரில். பொறியாளரான அப்பா 1928இல் இறந்துவிட, குடும்பம் இங்கிலாந்து போனது. 1935இல் கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்குக் குடிபெயர்ந்தது. தீப்பெட்டிக்குள் தேள், குளியல் தொட்டியில் பாம்பு என்று வளர்த்து, வீட்டாரை அலற வைத்தான் சிறுவன் டரெல்.

வளர்ந்ததும், காட்டு விலங்குகளைப் பிடித்துப் பூங்காக்களுக்குக் கொடுக்கும் வேலை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் சுற்றினார். ஆனால், கூண்டில் அடைத்து வேடிக்கை காட்டினால் மட்டும் போதுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அழியப்போகும் இனங்களைப் பூங்காவில் பெருக்கி, திரும்பக் காட்டிலேயே விட வேண்டும் என்று நினைத்தார். 1959இல் ஜெர்சி தீவில் சொந்தப் பூங்காவைத் திறந்தார். செலவுக்குப் புத்தகம் எழுதிச் சம்பாதித்தார். அழிந்துபோன டோடோ பறவைதான் அவரது அமைப்பின் சின்னம்!

டோடோ வாழ்ந்த மொரீஷியஸ் தீவுக்கு 1976இல் போனார் டரெல். அங்கே டோடோவின் உறவினரான இளஞ்சிவப்புப் புறாவும் அழியும் நிலையில் இருந்தது. காடுகளை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த கூடுகளில் எலிகளும் குரங்குகளும் முட்டைகளைத் தின்றன. சில புறாக்களைப் பிடித்து, மொரீஷியஸிலும் ஜெர்சியிலும் வளர்த்தார்கள். குஞ்சுகளை வளர்க்கச் சாதாரண வளர்ப்புப் புறாக்கள் செவிலித்தாய் ஆயின!

இங்கேதான் ஒரு சிக்கல். மரபணுக்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. ஒன்றில் குறை இருந்தாலும், பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். ஆனால், அண்ணனும் தங்கையும் ஜோடி சேர்ந்தால்? இருவரிடமும் ஒரே குறை ஒளிந்திருக்கலாம். குஞ்சுக்கு இரண்டுமே குறையாக வந்துவிடக்கூடும். இளஞ்சிவப்புப் புறாக்களில் நடந்தது இதுதான். சில முட்டைகள் பொரியவில்லை. பல குஞ்சுகள் பிழைக்கவில்லை.

அதனால், ஒவ்வொரு புறாவுக்கும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் என்று பதிவேடு எழுதினார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது மாதிரிதான். நெருங்கிய சொந்தம் என்றால் அந்த ஜோடி ரத்து! வேறு பூங்காவிலிருந்து வரன் வரும்.

1987இல் புறாக்களைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். 1990 வாக்கில் காட்டில் பிறந்தவை சுமார் பத்தே மிச்சம். அந்த நிலையிலிருந்து எண்ணிக்கை ஏறியது. டரெல் 1995இல் காலமானார். இப்போது 400 புறாக்களுக்கு மேல் இருக்கின்றன.

ஆனால் 2022இல் வந்த ஓர் ஆய்வு, எண்ணிக்கை கூடினாலும் மரபணு வகைகள் குறைந்துகொண்டே போகின்றன என்று காட்டியது. ஒன்றும் செய்யாவிட்டால், 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இந்த இனம் அழியலாமாம். காட்டுப் புறாக்கள் இழந்த சில மரபணு வகைகள் ஐரோப்பியப் பூங்காப் புறாக்களிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றின் குஞ்சுகளை மொரீஷியஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள்.