காற்றையும் கதிரையும் அளந்தவர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டமும் கூடும் எல்லையில் அமைந்த ஊர் வேலந்தாவளம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வட்டாரத்தின் தென்னந்தோப்புகளில் ஓலைகள் யாவும் கிழக்கு நோக்கியே சாய்ந்து ஆடும். இதற்குக் காரணம் நில அமைப்பே ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1600 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பெருமதில் போன்றது. அம்மதிலில் இயற்கை திறந்து வைத்த பெரிய வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் ஓங்கி நிற்கின்றன. இடைவெளியின் அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை இருக்கும். அகன்ற ஆறு குறுகலான இடத்தில் விரைந்து ஓடுவதுபோல, அரபிக்கடலிலிருந்து வரும் காற்று இவ்வாயிலில் புகுந்து வேகம் பெறுகிறது.

இந்தக் காற்றில் எவ்வளவு ஆற்றல் உள்ளது? ஓலை ஆடுவதைக் கண்டு இதற்கு விடை கூற இயலாது. கருவியால் அளந்து எண்ணால் கூற வேண்டும். இந்திய நாட்டின் காற்றையும் கதிரவன் ஒளியையும் அவ்வாறு அளக்க வழி செய்தவர்களுள் முதன்மையானவர், இதே மலைத்தொடரில் தெற்கே உள்ள பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி ஆவார்.

இளமைப் பருவம்

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பிறந்தார். பீர்மேடு அப்போது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் பொறியாளர், ஏலத்தோட்டங்களும் அவருக்கு இருந்தன. எட்டுப் பிள்ளைகளுள் அன்னா ஏழாமவர். ஆண் பிள்ளைகள் உயர்ந்த பணிக்கும், பெண் பிள்ளைகள் திருமணத்திற்கும் ஆயத்தம் செய்யப்பட்ட காலம் அது. எட்டாம் பிறந்தநாளன்று, குடும்ப வழக்கப்படி அவருக்கு வைரக் கம்மல் அளிக்க முன்வந்தனர். அச்சிறுமியோ கம்மலை வேண்டாமென மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார்.

வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்தார். அவரது வருகை சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதன் விளைவாக அன்னா கதராடை உடுத்தும் வழக்கத்தை மேற்கொண்டார். தன் நாட்டுக்குத் தேவையானதைத் தன் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்னும் எண்ணம் பிற்காலத்தில் அவரது அறிவியல் பணியிலும் வெளிப்பட்டது.

வைரங்களின் ஒளி

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு உதவித்தொகை பெற்றுப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எவ்வாறு உட்கொண்டு வெளிவிடுகின்றன என்பதே அவரது ஆய்வுப்பொருள். அந்த மங்கிய ஒளியைப் படத்தகட்டில் பதிவு செய்யப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் வரை ஆகும். ஆதலால் பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். ஒருகாலத்தில் வைரக் கம்மலை மறுத்தவர், வைரத்தின் இயல்பையே ஆராய்ந்து அறிந்தார்.

1945இல் முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். அவர் முதுகலைப் பட்டம் பெறவில்லை என்னும் காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வு நிறைவாக இருந்தும் பட்டம் கிட்டவில்லை. இம்மறுப்பு தம் பணிக்குத் தடையாக அவர் இடங்கொடுக்கவில்லை. வாழ்நாள் இறுதிவரை முனைவர் பட்டம் இன்றியே அறிவியலாளராக விளங்கினார்.

கருவிகளின் உலகம்

அதே ஆண்டு அரசின் உதவித்தொகையுடன் இலண்டன் சென்றார். இயற்பியலை மேலும் கற்பதே அவர் விருப்பம். ஆனால் அப்போது கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்பதற்கு உரியதாக இருந்தது. கிடைத்த துறையைத் தயக்கமின்றி ஏற்று, அதில் தேர்ச்சி பெற்றார்.

1948இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பி, புனேயிலிருந்த இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் பணியேற்றார். அக்காலத்தில் மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1953இல் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர்கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். சுமார் 100 வானிலைக் கருவிகளுக்கு உரிய வரைபடங்களை ஒரே தரத்தில் ஆயத்தம் செய்து, அவற்றை இந்தியாவிலேயே உருவாக்கும் பணியை அன்னா மணி நடத்தினார்.

கருவியைச் செய்வது பாதிப் பணியே. அது சரியாகக் காட்டுகிறதா எனச் சோதிப்பது மறுபாதி. தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவர் கொண்ட உறுதி. அளவீடு இல்லையெனில் அறியவில்லை என்றாவது தெரியும். தவறான அளவீடோ, அறிந்துவிட்டோம் என மயங்கச் செய்யும்.

கதிரவனை அளத்தல்

புவியில் நாம் காணும் ஆற்றல்களுள் பலவற்றிற்குக் கதிரவனே மூலம். கதிரவனின் வெப்பம் நிலத்தையும் கடலையும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை. விரைவில் சூடான நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்ப, கடற்காற்று அவ்விடத்தை நோக்கி வீசுகிறது. ஆகவே காற்றாற்றல் கதிரவன் தந்தது. கடல்நீர் ஆவியாகி, முகிலாகி, இடுக்கி மலைகளில் மழையாகப் பொழிகிறது. அந்நீர் உயரமான அணையில் தேங்கும்போது நிலையாற்றலைப் பெறுகிறது. குழாய்வழிக் கீழிறங்கும்போது அது இயக்க ஆற்றலாகிறது. சுழலியைச் சுற்றி மின்னாற்றலாகிறது. ஆகவே நீர்மின்சாரமும் கதிரவன் தந்ததே.

கதிரவன் தரும் ஆற்றல் ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறுபடும். அதனை அறிய 1957, 1958ஆம் ஆண்டுகளில் கொண்டாடப்பட்ட பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது, இந்தியாவின் பல இடங்களில் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அன்னா மணி நிறுவினார். முதலில் வெளிநாட்டுக் கருவிகள் பயன்பட்டன. பின்னர் இங்கேயே அவை உருவாயின. வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓசோன் வாயுவின் அளவை அறிய, பலூனில் பறக்கவிடும் கருவியும் அவரது முயற்சியால் இந்தியாவில் உருவாயிற்று. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தபோது, விக்ரம் சாராபாய் அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க அங்கே வானிலைக் கருவிகள் கொண்ட கோபுரத்தை அமைத்துக் கொடுத்தார்.

காற்றை அளத்தல்

1976இல் துணைத் தலைமை இயக்குநராகப் பணி ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுத்து 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரு நூல்களை வெளியிட்டார். அடுத்துக் காற்றை நாடினார். நாட்டின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தை அளந்து தொகுக்கும் பணிக்கு வழிகாட்டினார். காற்று வேகத்தையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளைச் செய்யப் பெங்களூரில் ஒரு பணிமனையும் தொடங்கினார்.

காற்றை இத்துணைக் கவனமாக அளப்பது ஏன்? காற்றின் வேகம் இருமடங்கானால், அதன் ஆற்றல் இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை ஒரு கருவி 22 என்று காட்டுவதாகக் கொள்வோம். வேகத்தில் நேர்ந்த பிழை பத்தில் ஒரு பங்கு. ஆற்றலின் கணக்கிலோ அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகப் பெருகிவிடும். அக்கணக்கை நம்பிக் காற்றாலை நிறுவினால், எதிர்பார்த்த மின்சாரம் கிடைக்காது. செலவும் உழைப்பும் வீணாகும். அன்னா மணி சிறு பிழையையும் பொறுக்காததன் காரணம் இதுவே.

1987இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்களும் இசையும் மலைகளில் நடப்பதும் அவருக்கு விருப்பமானவை. 1994இல் பக்கவாத நோய்க்கு ஆளான அவர், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் எந்தக் காற்றாலையையும் தாமே கட்டவில்லை. ஆயினும், காற்றாலையை எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று நாடு அறிந்துகொள்ள அவர் தொகுத்த எண்கள் துணைநின்றன. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. பட்டம் தராத மதிப்பை உண்மையான உழைப்பு தரும் என்பதற்கு அன்னா மணியின் வாழ்வு சான்றாகும்.

விடை எழுதுக

1. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வேகம் பெறுவது ஏன்?
2. எட்டாம் பிறந்தநாளில் அன்னா மணி எதை மறுத்தார்? எதைப் பெற்றார்?
3. அணையில் தேங்கிய நீரின் ஆற்றல் மின்னாற்றலாக மாறும் படிநிலைகளை வரிசையாக எழுதுக.
4. தவறான அளவீடு, அளவீடு இல்லாமையைவிடத் தீயது என்னும் கருத்தை உம் வாழ்வில் கண்ட ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

செயல்பாடு

நேர்ச்சுவருடைய ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்தவெளியில் வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் மழைநீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து அட்டவணைப்படுத்துக. நண்பர் ஒருவரும் தனியே அளக்கட்டும். இருவர் எண்களும் வேறுபட்டால், அதற்கான காரணத்தைக் கலந்து பேசி எழுதுக.