காணாப் பொருளைக் கண்ட கணக்கு

வானில் ஒளிர்வனவற்றைக் காண்பது எளிது. ஒளிராத ஒன்று அங்கு உண்டென நிறுவுவது அரிது. அவ்வரிய பணிக்கு வழிவகுத்தவர் பிரிட்ஸ் சுவிக்கி. இவர் 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று பல்கேரியாவின் வர்னா நகரில், சுவிட்சர்லாந்து நாட்டுத் தந்தைக்கும் செக் இனத் தாய்க்கும் மகனாகப் பிறந்தார். ஆறாம் வயதில் சுவிட்சர்லாந்திலுள்ள கிளாரஸுக்குப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பப்பட்டார். மகன் வணிகம் பயில வேண்டுமெனத் தந்தையார் விரும்பினார். மகனின் நாட்டமோ இயற்பியலில் நின்றது. சூரிச் நகரில் முனைவர் பட்டம் பெற்ற சுவிக்கி, 1925இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார்.

1933இல் அவர் கோமா என்னும் விண்மீன்திரள் கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள திரள்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அளவுக்கு வேறுபட்ட வேகங்களில் விரைந்தன. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல், கயிறு வலுவற்றதாயின் அறுத்துக்கொண்டு பறந்துவிடும். அவ்வாறே, கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே பிணைப்பாக இருந்திருந்தால், அக்கொத்து என்றோ சிதறியிருக்கும். அது சிதறாமல் நிற்பதற்கு, ஒளிரும் பொருளினும் பன்மடங்கு பொருள் மறைந்திருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார். அதனைக் கரும்பொருள் என்றழைத்தார்.

அடுத்த ஆண்டே, வால்டர் பாடே என்பாருடன் இணைந்து, பெரு விண்மீன் வெடித்தபின் எஞ்சுவது நியூட்ரான் விண்மீன் என்னும் கருத்தை முன்வைத்தார். இரு கருத்துகளையும் அக்கால அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. சுவிக்கியின் கடுஞ்சொற்களும் அவரிடமிருந்து பிறரை விலக்கின. ஆயினும் அவர் தளரவில்லை. பாலோமர் மலையில் இரவு பல விழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட விண்மீன் வெடிப்புகளைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின், அழிந்த நூலகங்களுக்காக அறிவியல் இதழ்களைத் திரட்டி அனுப்பிய ஈரநெஞ்சமும் அவருக்கு இருந்தது.

1967இல் நியூட்ரான் விண்மீன் கண்டறியப்பட்டதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. கரும்பொருள் அறிவுலகின் பரந்த ஏற்பைப் பெறுமுன், 1974 பிப்ரவரி 8 அன்று அவர் மறைந்தார். வேரா ரூபின் முதலியோர் விண்மீன்திரள்களின் சுழற்சியை அளந்து வெளியிட்ட சான்றுகளால், அப்பதின்மத்தின் இறுதியில் அக்கருத்து வலுப்பெற்றது.

கரும்பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழியுமாயின், ஆற்றல்மிகு காமாக்கதிர்கள் பிறக்கக்கூடும். அவற்றைத் தேடும் கருவிகளுள் ஒன்று, 2008இல் விண்ணில் ஏவப்பட்ட பெர்மி தொலைநோக்கி. நம் பால்வழியின் மையத்திலிருந்து, எதிர்பார்த்ததினும் மிகுதியான காமாக்கதிர்கள் வருவதை அதன் பதிவுகள் காட்டின. அவை கரும்பொருளிலிருந்து வருவனவா, விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வருவனவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எது மெய்யெனத் தெளிந்தாலும், அவ்விரண்டையும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப்பார்த்தவர் சுவிக்கி ஆவார்.