குப்பையை மூன்றாகப் பிரித்த கர்னல்: 1895-லேயே நியூயார்க்கைச் சுத்தப்படுத்திய ஜார்ஜ் வேரிங் யார்?

வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுங்க என்று உள்ளாட்சி அமைப்புகள் கேட்பது ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடியே நியூயார்க் நகரம் இதைச் செய்து பார்த்துவிட்டது. செய்ய வைத்தவர், உள்நாட்டுப் போரில் குதிரைப்படையை நடத்திய ஒரு முன்னாள் கர்னல். பெயர் ஜார்ஜ் வேரிங்.

யார் இந்த வேரிங்?

1833 ஜூலை 4-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில் உள்ள பவுண்ட் ரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். படித்தது விவசாயம். ஈரம் தேங்கிய நிலத்தில் இருந்து தண்ணீரை வடிய வைப்பதில் கெட்டிக்காரர். 1857-ல் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவானபோது, அந்தச் சதுப்பு நிலத்தில் வடிகால் அமைக்கும் வேலை இவரிடம்தான் வந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ராணுவத்துக்குப் போனார். கர்னல் பட்டம் கடைசி வரை பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1878-ல் மெம்பிஸ் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவி 5,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மறுவருஷமே அந்த நகரம் மாநகர அந்தஸ்தையும் இழந்தது. அங்கே மழைநீரையும் கழிவுநீரையும் கலக்க விடாமல், கழிவுநீருக்கு மட்டும் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தவர் வேரிங். குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன என்ற புகாரும் வந்தது. இருந்தாலும் நாடு முழுக்க அவர் பெயர் தெரிய ஆரம்பித்தது.

அப்போது நியூயார்க் எப்படி இருந்தது?

சுருக்கமாகச் சொன்னால், மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் குதிரைகள். ஒரு குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ லத்தி போடும் என்று வைத்துக்கொண்டாலே, தினமும் 1,000 டன் தெருவில் விழும். செத்த குதிரைகளும் நடுரோட்டில் கிடக்கும். வீட்டுக் குப்பையைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அது அலையோடு திரும்பிக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தது.

துப்புரவுத் துறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது டாமனி ஹால் என்ற அரசியல் கோஷ்டி தன் ஆட்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கும் இடமாகத்தான் இருந்தது. 1894 தேர்தலில் அந்தக் கோஷ்டி தோற்றது. புதிய மேயர் வில்லியம் ஸ்ட்ராங், துப்புரவு ஆணையர் பதவியை முதலில் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுக்க முன்வந்தார். பின்னாளில் அதிபரான அதே ரூஸ்வெல்ட்தான். அவர் மறுத்துவிட, 1895 ஜனவரியில் வேரிங் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

என்னவெல்லாம் மாற்றினார்?

முதலில் ஆட்கள். சிபாரிசில் வந்து வேலை பார்க்காதவர்களை வெளியே அனுப்பினார். மீதி இருந்தவர்களுக்கு வெள்ளைச் சீருடை, தலைக்கு வெள்ளைத் தொப்பி. தெரு கூட்டுபவருக்கு எதற்கு வெள்ளை உடை என்று ஊரே சிரித்தது. வேரிங்கின் கணக்கு வேறு. வெள்ளை என்றால் மருத்துவமனை ஞாபகம் வரும், மரியாதை வரும். இன்னொன்று, வேலை நேரத்தில் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தால் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும். 1896 மே மாதம் இந்த வெள்ளைப் படை நகரத்தில் அணிவகுத்துப் போனபோது, சிரித்த அதே ஜனங்கள் நின்று கைதட்டினார்கள். தொழிலாளர்களின் குறைகளைப் பேச, அவர்களே தேர்ந்தெடுத்த 41 பேர் கொண்ட குழுவும் இருந்தது.

அடுத்து குப்பை. வீடுகளில் சாம்பல், உணவுக் கழிவு, காகிதம் துணி போன்ற உலர் குப்பை என்று மூன்றாகப் பிரித்து வைக்க உத்தரவு போட்டார். சாம்பல், ரைக்கர்ஸ் தீவு போன்ற இடங்களில் நிலத்தை மேடாக்கப் போனது. உணவுக் கழிவு பேரன் தீவுக்குப் போனது. அங்கே அதை வேக வைத்துப் பிழிந்து, சோப்புக்குக் கொழுப்பும் வயலுக்கு உரமும் எடுத்தார்கள். உலர் குப்பையில் விற்கக்கூடியதைப் பொறுக்கி விற்றதில் நகரத்துக்கு வருமானமும் வந்தது. பேரன் தீவில் இருந்து நாற்றம் வந்ததும் உண்மை. பிரச்னை முழுசாகத் தீரவில்லை. ஆனால் உணவுக் கழிவைக் கடலில் கொட்டுவது குறைந்தது.

பிள்ளைகளையும் அவர் விடவில்லை. தெருவைக் கண்காணிக்கச் சிறுவர் சங்கங்கள் தொடங்கினார். ஆங்கிலம் தெரியாத புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் குப்பை விதிகளைக் கொண்டு சேர்த்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

பலன் இருந்ததா?

1,000 பேருக்கு 26-க்கு மேல் இருந்த ஆண்டு இறப்பு விகிதம், 1897-ன் முதல் பாதியில் 20-க்குக் கீழே வந்தது. எல்லாப் பெருமையும் துடைப்பத்துக்குப் போகாது. தொண்டை அடைப்பான் நோய்க்கு அப்போதுதான் புது மருந்து வந்திருந்தது. ஆனாலும் சுத்தமான தெருவுக்கும் இதில் பங்கு உண்டு.

பிறகு என்ன ஆனது?

1897 தேர்தலில் டாமனி ஹால் திரும்ப ஜெயித்தது. அந்த வருஷக் கடைசியோடு வேரிங்கின் வேலையும் போனது. அடுத்த அக்டோபரில், போர் முடிந்திருந்த கியூபாவின் ஹவானா நகரத்துக்கு அமெரிக்க அரசு அவரை அனுப்பியது. அங்கே மஞ்சள் காய்ச்சலை எப்படி ஒழிப்பது என்று பார்த்துவர வேண்டும். ஊர் திரும்பியவரை அதே காய்ச்சல் பிடித்தது. 1898 அக்டோபர் 29-ம் தேதி, 65 வயதில் இறந்தார்.

அழுக்கில் இருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று கடைசி வரை நம்பியவர் வேரிங். அது தப்பு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கார்லோஸ் ஃபின்லே என்ற கியூப மருத்துவர் 1881-லேயே சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. வேரிங் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1900-ல்தான் அது நிரூபணமானது.

மூன்று வருஷத்தில் அவர் கட்டியது என்ன ஆனது? வெள்ளைச் சீருடை பல வருஷம் நீடித்தது. தரம் பிரிப்பது மெல்ல மெல்லத் தேய்ந்தது. உணவுக் கழிவு 1918-ல் மறுபடி கடலுக்கே போனது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1934-ல்தான் மாநகரக் குப்பையைக் கடலில் கொட்டுவது நின்றது. வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கி நியூயார்க் சட்டம் போட்டது 1989-ல். அதாவது, ஒரு ஆணையர் 1896-ல் நடத்திக் காட்டிய வேலையைத் திரும்பத் தொடங்க அந்த நகரத்துக்கு 93 வருஷம் ஆனது.